பட்டன் டயரா, கம்பெனி டயரா: குமரி மாவட்டத்து ரோட்டுக்கு எது சரி?

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி தாரிலும் மண்ணிலும் ஓட்டும் பைக் வைத்திருப்பவர்களுக்கு முதல் பின் டயர் தேய்ந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். கம்பெனியில் வந்த அதே டயரைத் திரும்பப் போடுவதா, இல்லை இந்தத் தடவை பெரிய பட்டன் டயருக்கு, அதாவது ரப்பர் கட்டைகள் இடைவெளி விட்டுத் துருத்தி நிற்கும் டயருக்கு, மாறுவதா? இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி லடாக், ஸ்பிதி போய் வந்தவர்கள் சொல்வது. அங்கே காய்ந்த சரளை, தூசி, ஆற்றுக் கல். இங்கே ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, இடையில் சித்திரையில் இடியோடு கோடை மழை வேறு. அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது வேறு ஊர் மண்ணுக்கான பதில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் தார், மண் இரண்டுக்கும் பொதுவான வண்டிக்கு டயர் எடுக்கிறவர் ஈரத் தாரில் அது எப்படி நிற்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேறு அதற்கு அப்புறம்.

ஏன் என்றால், நாம் உண்மையில் ஓட்டுவது என்ன என்று பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை, காளிகேசம் போகிறீர்கள் என்று வையுங்கள், கடைசிக் கொஞ்ச தூரம்தான் உடைந்த ரோடும் கல்லும் ஓடைத் தண்ணீரும், மற்றதெல்லாம் மரத்தடியில் வளைந்து போகும் தார். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை போனாலும் இதே கதைதான். அதைத் தாண்டிக் காட்டுக்குள் போகலாம் என்று நினைத்தால், அது வனவிலங்குச் சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி ஏற்றக் கூடாது. ஆக, வீடியோக்களில் பார்க்கும் முழங்கால் ஆழச் சேற்றுக்காக டயர் வாங்கினால், அதை வைத்து ஓட்ட இந்த மாவட்டத்தில் சட்டப்படி இடம் குறைவு.

நமக்குக் கிடைக்கும் மண்பாதை என்றால் ரப்பர் தோட்டத்துச் செம்மண் தடங்கள், சானல் (பாசனக் கால்வாய்) கரைகள், மீனவ ஊர்களின் மணல் தெருக்கள், அப்புறம் மேற்குப் பக்கம் விளைகளுக்கு (தோட்டங்களுக்கு) இறங்கும் சரிவான கான்கிரீட் பாதைகள். கான்கிரீட்டை மண்பாதையில் ஏன் சேர்த்தேன் என்று கேட்பவர் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஆடி மாதத்தில் பாசி பிடித்த ஒரு இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தவர் இல்லை. செம்மண்ணைவிட மோசமாக அதுதான் ஆளைத் தூக்கிப் போடும்.

சரி, டயருக்கு வருவோம். பட்டன் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு இடைவெளி விட்டு இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தாரில் படும் ரப்பர் குறைகிறது. சேற்றில் அந்த இடைவெளிதான் உயிர், பட்டன் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும், சக்கரம் சுழலும் வேகத்தில் இடையில் அடைத்த மண் தெறித்து வெளியே போகும். ஈரத் தாரிலும் பாசியிலும் பட்டன் இறங்குவதற்கு எதுவுமே இல்லை. அங்கே வேலை செய்வது மிருதுவான ரப்பரும், அதில் இருக்கும் மெல்லிய கீறல்களும், தரையில் படும் பரப்பும் மட்டும்தான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மிச்சத் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

ரப்பரைப் பற்றி நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது, அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் இங்கேதான். ஆனால் நம் வீட்டு முற்றத்தில் காயும் ஷீட்டிலிருந்து வரும் இயற்கை ரப்பருக்குப் பலம் கிழியாமல் தாங்குவதிலும், அதிகம் சூடேறாமல் இருப்பதிலும்தான். கல்லில் பட்டன் பிய்ந்து போகாமல் இருக்க அது வேண்டும். ஈரத் தாரில் பிடிப்புக்குச் செயற்கை ரப்பரும் சிலிக்காவும் சேர்த்த கலவை வேண்டும். ஒரு டயர் இரண்டையும் உச்சத்தில் கொடுக்காது, தயாரிப்பவர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் நிலவரம்.

முதல் தேர்வு, வண்டியோடு வந்த மாதிரியே இன்னொன்று. ஹிமாலயன் 411-க்கு சியட் கிரிப் எக்ஸ்எல், 450-க்கு சியட்டின் கிரிப் ராட் ஸ்டீல். இதையெல்லாம் "ரோட் டயர்தானே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது நியாயமில்லை. நாகர்கோவிலில் வேலை, வாரம் ஒருமுறை திற்பரப்போ முட்டமோ, எப்போதாவது சானல் கரை என்று இருப்பவருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. காய்ந்த செம்மண்ணில் தாராளமாகப் போகும். குறை எங்கே வரும் என்றால், மழை பெய்து ஊறிய தோட்டத் தடத்தில் டயரின் பள்ளங்களை எல்லாம் மண் அடைத்துக்கொண்டு டயர் வழவழப்பாகிவிடும், ஏற்றத்தில் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

இரண்டாவது, அதே வகையில் ஒரு படி கூடுதல். எம்ஆர்எஃப் மோகிரிப் மீட்டியர் எம் போன்றவை. சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் இதோடுதான் வருகிறது, ஆகவே உள்ளூர்க் கடைக்காரர்களுக்கும் பழக்கமான பெயர். விலை நம் கைக்குள் அடங்கும், பஞ்சரானால் எந்த ஊர்க் கடையிலும் தயங்காமல் கழற்றுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு என் சிபாரிசு இந்த வகைதான். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, சலிப்பான பதில்தான், ஆனால் சரியான பதில்.

மூன்றாவது, பாதிக்குப் பாதி என்று சொல்லப்படும் பட்டன் டயர்கள். கான்டினென்டல் டிகேசி 80, மிட்டாஸ் இ-07 பிளஸ் போன்றவை. இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஆசை அதிகம் வருவதும் இங்கேதான். டிகேசி 80 தனித்தனிக் கட்டைகளாகப் பட்டன் வைத்தது, ஈரமண்ணில் நிஜமாகவே வண்டியை வேறு வண்டியாக்கிவிடும், அதற்கு விலை பின் டயரின் ஆயுள். நாலுவழிச் சாலையில் திருநெல்வேலி போய்வருகிறவர் அதைப் பின்னால் போட்டால் நடுப் பட்டன்கள் கண்முன்னே தேய்ந்து தட்டையாகும், ஓரப் பட்டன்கள் புதுசாகவே இருக்கும், அப்புறம் வளைவில் வண்டி சாய்க்கும்போது ஒரு படியிலிருந்து விழுகிற மாதிரி இருக்கும். இ-07 வகையில் நடுவில் கட்டைகள் நெருக்கமாக இருப்பதால் தாரில் அதிகம் உழைக்கும், அதே காரணத்தால் களிமண்ணில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். விலை இரண்டுக்கும் உள்ளூர் டயரைப் போலப் பல மடங்கு. கடையில் கையிருப்பு இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். ஒரு டயர் கல்லில் கிழிந்தால் அடுத்தது வரும்வரை வண்டி வீட்டில்.

நான்காவது, முழுப் பட்டன். எம்ஆர்எஃப் மோட்டோ டி போன்றவை, அல்லது மோட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் போடும் ரகம். சேற்றில் இதற்கு இணை இல்லை, அதில் வாதமே வேண்டாம். ஆனால் என்எச் 66-ல் மழை நேரத்தில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால், உங்கள் டயர் தரையில் ஊன்றியிருப்பது சில கட்டைகளின் நுனி மட்டும். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது, நிற்கும் தூரம் நீளத்தான் செய்யும். போதாததற்கு இரைச்சல், ஹேண்டிலில் அதிர்வு, மைலேஜிலும் கொஞ்சம் அடி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றடிக்கும் மாதங்களில் ஓட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் காற்று தள்ள, கீழே பட்டன்கள் நெளிய, 80-க்கு மேல் போக மனசே வராது. தினசரி வண்டி இது ஒன்றுதான் என்றால் இதைப் போடாதீர்கள் என்றே சொல்வேன்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலந்து போடுவதும் உண்டு, இதில்தான் எல்லோரும் சண்டை போடுவார்கள். மண்பாதையில் பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் ஆள் கீழேதான். முன் டயர் தேய்வதும் மெதுவாகத்தான். அதனால் முன்னால் பட்டன், பின்னால் மீட்டியர் மாதிரி ஒன்று என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் யோசனை. இதை நான் பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். தாரில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான், ஆக ஈரத் தாரில் மிக முக்கியமான டயரும் முன் டயர்தான். குலசேகரம், பேச்சிப்பாறை, கடையால் பக்கம் வீடு, தினமும் தோட்டத்துக்குள் ஏறி இறங்க வேண்டும், டவுனுக்கு வாரத்தில் ஓரிரு தடவை என்றால் முன்னால் பாதிக்குப் பாதி பட்டன் போடுங்கள், அருமையாக இருக்கும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று டவுன் போக்குவரத்தில் தினம் ஓடுகிறவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரோட் சார்ந்த டயர் போதும். பின்னால் மட்டும் பெரிய பட்டன், முன்னால் தேய்ந்த பழைய டயர் என்று சில வண்டிகளைப் பார்க்கிறேன், பார்க்க கம்பீரமாக இருக்கும், மற்றபடி அதற்கு ஆதரவாக ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பல்ஸ் 200, ஹிமாலயன் 411, 450 மூன்றிலும் முன்பக்கம் 90/90-21 தான் (கடைசி எண் வீலின் விட்டம், இஞ்சில்), அதனால் முன் டயருக்குத் தேர்வு நிறைய. பின்பக்கம்தான் ஆளாளுக்கு வேறு: எக்ஸ்பல்ஸ் 120/80-18, ஹிமாலயன் 411 120/90-17, 450 140/80-17. எக்ஸ்பல்ஸ்காரர்கள் முதலில் 18 இஞ்சில் எது கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு அப்புறம் ஆசைப்படுவது நல்லது. ஒரு சைஸ் அகலமாகப் போட்டால் கெத்து என்று நினைத்து மாற்றினால், ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) செயினிலோ பட்டன் உரசுமா என்று டயர் மாட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். சேறு அடைத்தால் பட்டனைவிடச் சில மில்லிமீட்டர் அதிகமாகவே இடம் வேண்டும்.

கடையில் டயரைக் கையில் வாங்கியதும் பக்கவாட்டைப் படியுங்கள். நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3224 என்றால் 2024-ஆம் வருடத்தின் 32-வது வாரத்தில் செய்தது. அதிகம் விற்காத சைஸ்கள் கடையில் தூங்கும், கடற்கரைச் சூட்டில் தூங்கிய ரப்பர் இறுகிவிடும், நகத்தால் பட்டனை அழுத்திப் பார்த்தாலே ஓரளவு தெரியும். அளவுக்குப் பக்கத்தில் 54எஸ் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமைக்கு, 54 என்றால் 212 கிலோ, 62 என்றால் 265 கிலோ. எழுத்து வேகத்துக்கு, எம் என்றால் 130 கிமீ, பி 150, க்யூ 160, எஸ் 180. பட்டன் அதிகமாக ஆக இந்த எழுத்து பெரும்பாலும் கீழே இறங்கும். நம் வண்டிக்கு வேகம் பிரச்சினை இல்லை, சுமை எண்ணைத்தான் விடக் கூடாது, பின்னால் ஆளையோ ரப்பர் ஷீட் கட்டையோ நேந்திரன் குலையையோ ஏற்றிக்கொண்டு விளையிலிருந்து மேலே வருகிறவர்கள் கம்பெனி டயரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே வாங்கவே கூடாது. அம்புக்குறி இருந்தால் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள், அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுவது சகஜம்.

ஸ்போக் வீல் வண்டிகளில் டயரைவிட டியூப்தான் அதிகம் அழ வைக்கும். (ஹிமாலயன் 450-க்கு டியூப்லெஸ் ஸ்போக் வீல் தனியாகக் காசு கொடுத்தால் கிடைக்கிறது, புது வண்டி எடுக்கிறவர்கள் அந்தக் காசைக் கிராஷ் கார்டில் போடாமல் இதில் போடலாம்.) மண்பாதைக்கு என்று காற்றைக் குறைத்து ஓட்டினால் பிடிப்பு கூடும், டயர் விரிந்து தரையைத் தழுவும். ஆனால் டியூப் வண்டியில் அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லில் இடித்ததும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி ஜோடியாக இரண்டு ஓட்டை விழும். காளிகேசம் பக்கத்துக் கல் ரோட்டில் காற்றழுத்தம் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போக நான் விரும்ப மாட்டேன், செம்மண் மட்டும் என்றால் 18 வரை சரி. திரும்பித் தாரில் ஏறும் இடத்தில் மறுபடி அடிக்க ஒரு சின்னப் பம்பும் சொந்தமாக ஒரு காற்று மீட்டரும் வேண்டும், பங்க்கில் இருக்கும் மீட்டரை நம்பி இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசத்தைப் பேசுவது வேடிக்கை. ஸ்பேர் டியூப் ஒன்றுதான் எடுத்துப்போக முடியும் என்றால் 21 இஞ்ச் டியூபையே எடுங்கள், அவசரத்துக்கு அதைப் பின் வீலிலும் மடக்கிப் போட்டு வீடு வந்து சேரலாம், வந்ததும் சரியான டியூபுக்கு மாற்றிவிட வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்கள் டயர் கழற்றும்போதெல்லாம் ரிம் உள்பக்கத் துரு, ஸ்போக் முனை, ரிம் டேப் மூன்றையும் பாருங்கள். உப்புக்காற்றில் துருத்தி நிற்கும் ஒரு ஸ்போக் முனை போதும், எவ்வளவு நல்ல டயரும் வாரம் ஒரு பஞ்சர் காட்டும்.

மணலைப் பற்றித் தனியாக எழுத அதிகம் இல்லை. கடல் சீற்றம் முடிந்த பிறகு மேற்குக் கடற்கரைச் சாலையில் தார் மேல் மணல் மூடிக் கிடக்கும், அதில் எந்த டயரும் ஒன்றுதான், வேகம் குறைத்து நேராகப் போக வேண்டும். பீச்சில் வண்டி இறக்குவதற்கென்று டயர் தேடுகிறவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை, அது வலை காயப்போடுகிற இடம்.

விலையைக் கிலோமீட்டரோடு வைத்துப் பார்க்கத் தவறாதீர்கள். கணக்குக்காக ஒன்று: 3,500 ரூபாய் டயர் 14,000 கிமீ ஓடினால் கிலோமீட்டருக்கு 25 காசு. 9,000 ரூபாய் டயர் 6,000 கிமீ ஓடினால் ஒன்றரை ரூபாய். ஆறு மடங்கு. மண்பாதையில் நிஜமாகவே தினம் ஓட்டுகிறவருக்கு அந்த ஒன்றரை ரூபாய் நியாயமான செலவு. வாட்ஸ்அப் டிபிக்காக என்றால் அதிகம். உங்கள் டயர் எவ்வளவு ஓடும் என்று தெரிய வேண்டுமானால், மாட்டிய அன்றே நடுப் பட்டனின் ஆழத்தை அளந்து எழுதிவைத்து, 1,000 கிமீ ஓட்டித் திரும்ப அளந்தால் போதும், கடைக்காரர் சொல்வதையும் என்னையும் நம்ப வேண்டாம்.

மாட்டிய பிறகு டயரை எடைபோடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. புது டயரில் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் 100, 150 கிமீ அடக்கி ஓட்டுங்கள், மழையில் என்றால் இன்னும் அடக்கி. அப்புறம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரே தார் நீட்டத்தில், 40 கிமீ வேகத்தில் ஓர் அடையாளத்திலிருந்து பிரேக் பிடித்து எங்கே நிற்கிறது என்று காய்ந்த நாளில் ஒருதடவையும் மழை விட்ட நேரத்தில் ஒருதடவையும் பாருங்கள். பழைய டயரோடேயே இதைச் செய்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. டயரையும் காற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது காரணம் என்று தேடினால் கிடைக்காது. மண்ணுக்குச் சோதனை வேண்டும் என்றால் மழைக்கு மறுநாள் சானல் கரை, நின்ற இடத்திலிருந்து மெதுவாக எடுத்து ஒரு சின்ன ஏற்றம் ஏறினால் போதும். பாசிக் கான்கிரீட்டில் சோதனை வேண்டாம், அங்கே எந்த டயரும் தோற்கும், இறங்கும்போது முதல் கியரில் எஞ்சின் பிடியில் விட்டு, காலை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, முன் பிரேக்கைத் தொடாமல் இறங்குவதுதான் வழி.

இரண்டு உலகமும் முழுசாக வேண்டும் என்று பிடிவாதம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, இரண்டாவது செட் டயர். தை முதல் வைகாசி வரை பட்டன், மழை பிடித்ததும் ரோட் சார்ந்தது என்று மாற்றிக்கொள்வது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், மழையில்தானே சேறு, அப்போதுதானே பட்டன் வேண்டும் என்று. மழையில்தான் தாரும் நனைகிறது, மழை நாட்களில் தோட்டத்துக்குள் போவதைவிட வேலைக்குப் போவதுதான் அதிகம். கழற்றிய செட்டை வெயில் படாத இடத்தில், மோட்டார் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள், மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.